சூரியனைக் கழித்தல்

“விடியல் பலூனை மட்டும் தனியா எடுத்தா மேல வருஷத்துக்கு வருஷம் சூடாகிட்டே போகுது. மதியப் பலூனை மட்டும் எடுத்தா ஆகவே இல்லை. ரெண்டும் ஒரே வானம்தானே, சார்?”

“அப்ப அந்த வானத்துகிட்டயே போய்க் கேளு.”

“உங்ககிட்டதான் கேக்கறேன்.”

“மதியம் மேகம் ஜாஸ்தி. மேகத்தோட உச்சி குளிரும். அதனால மேல சூடு தெரியாது. பேப்பர்ல எழுதியிருக்கு, படிச்சியா?”

“படிச்சேன். அதான் மேகமே இல்லாத நாளாப் பொறுக்கி எடுத்துப் பார்த்தேன். அப்பவும் அதேதான்.”

ஷ்யாம்சுந்தர் தட்டச்சு செய்வதை நிறுத்தினான். திரும்பவில்லை. “பொறுக்கி எடுத்தேன்னு நீயே சொல்றே பாரு,” என்றான். “உனக்குப் பிடிச்சதைப் பொறுக்கி எடுத்தா உனக்குப் பிடிச்ச பதில்தான் வரும். இதுக்குப் பேரு ஆராய்ச்சி இல்லை, மெஹ்னாஸ். கத்திரிக்காய் வாங்கறது.”

மெஹ்னாஸ் அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அறையில் இன்னொரு நாற்காலி உண்டு. அதில் அவன் ஹெல்மெட் உட்கார்ந்திருந்தது. அவள் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்த புதிதில் அவனும் மாணவன்தான். ஷ்யாம் அண்ணா என்றுதான் கூப்பிட்டாள். மூன்று வருடத்துக்கு முன் நிலையத்தில் அவனுக்கு விஞ்ஞானி வேலை கிடைத்ததும், ஒருநாள் எல்லோர் முன்னிலையிலும், “இங்க அண்ணன் தங்கச்சியெல்லாம் யாரும் கிடையாதும்மா,” என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அன்றிலிருந்து சார்.

நிலையம் என்பது கேளம்பாக்கத்தைத் தாண்டி, உப்பளங்களைப் பார்த்தபடி நிற்கும் இரண்டு மாடிக் கட்டடம். ஓர் அறக்கட்டளை நடத்துவது. அதன் மொட்டை மாடியிலிருந்து நடுப்பகலில் பலூன் விடுவார்கள். ஆள் அகப்படும் நாட்களில் விடியலுக்கு முன்பும் ஒன்று விடுவார்கள். பலூனுக்குக் கீழே நீண்ட நூலில் சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு வெள்ளைக் கருவி தொங்கும். சோண்ட் என்று அதற்குப் பெயர். போகிற வழியெல்லாம் வெப்பத்தையும் ஈரத்தையும் அளந்து கீழே சொல்லிக்கொண்டே போகும். போனது திரும்பாது. பலூன் வெடித்துக் கடலிலோ யார் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேலோ விழும்.

தாம்பரத்தில் பிறந்து, பனி பெய்வதைக் கதைகளில் மட்டும் படித்து வளர்ந்தவள் மெஹ்னாஸ். முதல் பலூனை அனுப்பியபோது ஏற்பட்ட திகைப்பு அவளுக்கு இன்னும் தீரவில்லை. தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரிக்கு எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் நேர் மேலே. அங்கே உலகத்தில் எந்த மனிதரும் குடியிருக்க முடியாத குளிர். தார் இளகும் ஜி.எஸ்.டி. சாலைக்கு மேலே, ஒரு ஷேர் ஆட்டோ போய்வரும் தொலைவில், ஒரு துருவ தேசம் சத்தமில்லாமல் மிதந்துகொண்டிருக்கிறது. இதை அவளால் வீட்டில் யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை.

அந்தக் குளிர் தேசம் சூடாகிறதா என்பதுதான் கேள்வி. கடலும் தரையும் சூடானால் ஈரக்காற்று மேலே ஏறும். ஏறிய நீராவி துளியாகும்போது, தனக்குள் வைத்திருந்த வெப்பத்தை அங்கேயே உதறிவிடும். ஆகவே இந்த மாதிரி வெயில் நாடுகளில் கீழே கொஞ்சம் சூடானால் மேலே அதைவிடக் கூடுதலாகச் சூடாக வேண்டும். கீழுக்கும் மேலுக்கும் வித்தியாசம் குறையக் குறையக் காற்றுக்கு எழும்பும் ஆசை தணியும், வானம் உறுதிப்படும். உலகம் முழுக்க ஏட்டில் எழுதிவைத்திருப்பது இது.

ஆனால் நிலையத்தின் தலைவர், மெஹ்னாஸின் நெறியாளர் ஸ்ரீநிவாசராகவன், இங்கே அப்படி நடக்கவில்லை என்று நிறுவியிருந்தார். கீழே சூடு ஏறிக்கொண்டே போகிறது, மேலே அசையவில்லை. நம் வானம் உறுதிப்படவில்லை, மேலும் மேலும் துள்ளுகிறது என்பது அவர் முடிவு. ஷ்யாம்சுந்தரும் அவரும் சேர்ந்து எழுதிய அந்தக் கட்டுரைக்குப் பிறகு அவரைப் பேச அழைக்காத ஊர் இல்லை. ‘சென்னை வானம் யாருக்கும் அடங்காது’ என்று அவர் சொல்லும்போது கூட்டம் கைதட்டும். ஷ்யாம்சுந்தருக்கு வேலை கிடைத்ததும் அந்தக் கட்டுரையால்தான்.

மெஹ்னாஸுக்குக் கொடுத்த தலைப்பு, அது ஏன் அடங்கவில்லை என்று கண்டுபிடிப்பது. நான்கு வருடத்துக்கும் மேல் அவள் காரணம் தேடினாள். இப்போது அவளுக்கு வேறொரு எண்ணம் வந்துவிட்டது: அது அடங்காமல் இல்லை. இந்த மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். பல்கலைக்கழகம் இனி நீட்டிப்புத் தராது. நெறியாளர் கையெழுத்து இல்லாமல் ஏட்டை வாங்கவும் மாட்டார்கள்.

“ஒரே ஒரு உதவி, சார்,” என்றாள். “ஒரு நாள், கழிக்காம ஒரு மதியப் பலூன் விடணும்.”

இப்போதுதான் ஷ்யாம்சுந்தர் திரும்பினான்.

கழித்தல் என்பது அந்த நிலையத்தின் வழிபாடு. பழைய சோண்டுகள் காற்று மெலிந்த உயரத்தில் வெயில் பட்டுத் தாமே சூடாகிவிடும். காற்றின் வெப்பத்தோடு தங்கள் சூட்டையும் சேர்த்துச் சொல்லும். ஸ்ரீநிவாசராகவன் வாலிப வயதில் அந்தப் பொய்ச் சூடு எந்த உயரத்தில் எவ்வளவு என்று கண்டுபிடித்து ஓர் அட்டவணை போட்டார். மதியப் பலூன் எண்கள் எல்லாவற்றிலிருந்தும் அதைக் கழிக்க வேண்டும். அதுதான் சூரியனைக் கழித்தல். கழித்த பிறகு பழைய எண்ணை அழித்துவிட வேண்டும். கழிக்காத எண் நிலையத்தில் தங்கினால் யாராவது தவறாக எடுத்தாண்டுவிடுவார்கள் என்பது அவர் கட்டளை. ஆறு வருடத்துக்கு முன் புதுவகை சோண்டும், அது அனுப்பும் எண்களைக் கீழே வாங்கிக்கொள்ளும் புது ரிசீவரும் வந்தன. கழித்தல் நிற்கவில்லை.

“இந்த பில்டிங்ல கழிக்காத நம்பருக்கு இடம் கிடையாது,” என்றான் ஷ்யாம்சுந்தர். “எதுக்கு உனக்கு?”

“புது சோண்ட் ஏற்கெனவே தானே கழிச்சுக்கிட்டு வருதோன்னு சந்தேகம். அப்படி இருந்தா நாம ரெண்டு தடவை கழிக்கறோம். இல்லாத சூரியனைக் கழிக்கறோம். அதனாலதான் கடைசி ஆறு வருஷம் மேல குளிர்ந்த மாதிரி தெரியுது. அட்டவணையைத் திருப்பிக் கூட்டிக் காட்டினா பொறுக்கி எடுத்தேன்னு தள்ளிடுவீங்க, அதான் நேரா அளந்த எண் கேக்கறேன்.”

அவன் ஹெல்மெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அவளை உட்காரச் சொல்வதற்கல்ல. கையில் எதையாவது வைத்துக்கொள்ள.

“சார்கிட்ட போய்ச் சொல்லேன்,” என்றான். “இதே வார்த்தையில சொல்லு. நான் வேடிக்கை பார்க்கணும்.”

*

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் சிட்லபாக்கத்தில் நெறியாளர் வீட்டுக்குப் போனாள். ஸ்ரீநிவாசராகவன் அப்போதுதான் ஏரியைச் சுற்றி நடந்துவிட்டு வந்து, கால் கழுவிக்கொண்டிருந்தார். கூடத்துச் சுவரில், பறக்க விடாமல் மிஞ்சிய பழைய சோண்டுகளை ஆணியடித்து மாட்டியிருந்தது, வேட்டைக்காரன் வீட்டு மான் தலைகள் மாதிரி.

“சூரியனைக் கழிச்சாச்சோ?” என்றார். யார் என்ன எண்ணோடு வந்தாலும் அதுதான் அவர் முதல் கேள்வி.

“கழிச்சதைப் பத்திதான் பேச வந்தேன், சார்.”

அவர் மனைவி திரிபுரசுந்தரி மாமி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். மெஹ்னாஸ் தம்ளரைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். அது நல்லதற்கில்லை என்று அவளுக்குத் தெரியும்.

“ஆக, நான் முட்டாள்.”

“நான் அப்படிச் சொல்லலை, சார்.”

“சொல்லாம விட்டா மரியாதைன்னு நினைச்சுண்டிருக்கே. ஆறு வருஷமா ஒருத்தன் ஒரே கணக்கை ரெண்டு தரம் போட்டுண்டிருந்தா அவனுக்கு வேற என்ன பேரு?”

“கருவி மாறினப்ப யாராவது பார்த்திருக்கலாம்னுதான்...”

“பார்த்தாச்சு. ரிசீவரைப் பொருத்தினதே ஷ்யாம்தான். உள்ளே எந்தக் கழிவும் இல்லையேன்னு நானே கேட்டேன். பார்த்துட்டேன், இல்லை சார்னான். அவன் பொறுப்பான பையன்.” பொறுப்பான என்பதை அவளைப் பார்த்துச் சொன்னார்.

“கம்பெனி புத்தகத்துல, தானே திருத்திக்கும்னு போட்டிருக்கு, சார்.”

“சோப்பு டப்பாலகூட ஒரே வாஷ்ல வெளுக்கும்னு போட்டிருக்கு. துவைச்சுப் பார்த்தவாளுக்குத் தெரியும்.” துண்டால் கால் விரல் இடுக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “கடைசி நேரத்துல அத்தியாயம் எழுத வரலை. அதுக்கு வாத்தியார் மேல பழி. உனக்கு முன்னாடி ரெண்டு பேர் இதைச் செஞ்சிருக்கா. ஒருத்தர் பேரும் எனக்கு ஞாபகமில்லை.”

அவள் முகம் சிவந்தது. எழுந்து போய்விடலாம் என்று நினைத்தாள். ஆனால் போனால் அந்த வாசல் வழியாக மறுபடி வர முடியாது.

“நீங்க அந்த அட்டவணையை எப்படி சார் போட்டீங்க?” என்றாள்.

அந்தக் கேள்வி அவரை எங்கோ தொட்டது. “மேகமில்லாத நாள். விடியறதுக்கு முன்னால ஒண்ணு, உச்சி வேளைல ஒண்ணு. அத்தனை உயரத்துல ராத்திரிக்கும் பகலுக்கும் காத்துல பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனா மதிய சோண்ட் சூடா காட்டித்து. அந்த வித்தியாசம்தான் சூரியன். ஒண்ணா ரெண்டா, எத்தனை நாள் விட்டேன் தெரியுமா?”

“அதையே இந்த சோண்டை வெச்சு நான் ஒரு தடவை செய்யறேன், சார்.”

மாமி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஸ்ரீநிவாசராகவன் மெதுவாகச் சிரித்தார்.

“செய். ஒரு நாள், ரெண்டு பலூன், கழிக்காம. ஷ்யாம் பக்கத்துலயே இருப்பான். நீ தனியா உட்கார்ந்து எந்த எண்ணையும் சீர்ப்படுத்தப்படாது. மதியம் சூடா காட்டும். அப்ப நான் சொன்ன அத்தியாயத்தை, நான் சொன்னபடி எழுதிண்டு வந்து கையெழுத்து வாங்கிக்கோ.”

“ரெண்டும் ஒண்ணா இருந்தா?”

“கட்டுரையை நானே வாபஸ் வாங்கறேன். ஆனா உன்மாதிரி பொண்ணுக்காக வாங்கினேன்னு ஊர் பேசும். அதையும் யோசிச்சுக்கோ. காபியைக் குடி, ஆறிடுத்து.”

*

மேகமில்லாத நாளுக்கு அந்த வாரம் பஞ்சமில்லை. முதல் பலூனுக்காக அவளை அவள் அண்ணன் ஷாகுல் தன் பைக்கில் கூட்டிக்கொண்டு போனான். திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவன். தூக்கம் கெட்ட கோபத்தை வண்டலூர் தாண்டும்வரை அடக்கிவைத்திருந்தான்.

“நாய்கூட எந்திரிக்கலை. இவ பலூன் வுடப் போறா.”

“பேசாம ஓட்டு.”

“பேசிகினுதான் ஓட்டுவேன். இல்லாட்டி தூங்கிடுவேன், பரவால்லையா?” கொஞ்சம் கழித்து, “அங்க மேல இன்னாதான் கீது?” என்றான்.

“குளிர்.”

“அது சூடாவுதா இல்லியா, அதானே மேட்டரு?”

“ஆவுதுன்னு நினைக்கறேன்.”

“இதச் சொல்றதுக்கு நாலு வருசமா? பட்டறைல எங்கூட ஒரு நாள் நில்லு. எல்லாம் சூடாவுதுன்னு நான் எழுதிக் குடுக்கறேன், நீ டாக்டராயிடு.”

அவள் சிரிக்கவில்லை. அவன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். “அந்த ஆளு கீறானே, உன் பெரிய சாரு, கையெழுத்துப் போடலைன்னா இன்னா ஆவும்?”

“இத்தனை வருஷமும் ஒண்ணுமில்லாம போகும்.”

நிலையத்து வாசலில் அவளை இறக்கிவிட்ட ஷாகுல், மாடி விளக்கடியில் நின்ற ஷ்யாம்சுந்தரை அண்ணாந்து பார்த்து, “அவனா?” என்றான். “மூஞ்சே சரியில்லை. பாத்துக்கோ.”

இருட்டிலேயே முதல் பலூன் போயிற்று. எண்கள் வந்தன. ஷ்யாம்சுந்தர் பரீட்சைக் கூடத்துக் கண்காணிப்பாளர்போல அவள் தோளுக்கு மேல் நின்று பார்த்தான். கோப்பைத் தன் கணினியிலும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டான். பிறகு இருவரும் ஆளுக்கொரு அறையில் மதியத்துக்காகக் காத்திருந்தார்கள். அவள் கொண்டுவந்த டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. அவனும் வெளியே சாப்பிடப் போகவில்லை என்பதைக் கவனித்தாள்.

உச்சி வேளையில் மாடித் தளம் செருப்பைத் தாண்டிச் சுட்டது. உப்பளங்களில் வெயில் கண்ணாடிச் சில்லுகளாக உடைந்து கிடந்தது. பலூனில் வாயு நிரம்பி அது அவள் தோளில் உரச ஆரம்பித்த பிறகு, ஷ்யாம்சுந்தர் தெற்கே கை காட்டினான்.

“மேகம்.”

அடிவானத்தில் ஒரு வெள்ளைக் கீற்று. “அது எங்கேயோ மாமல்லபுரத்துக்கு மேல இருக்கு,” என்றாள்.

“காத்து இந்தப் பக்கம் அடிக்குது. இன்னிக்கு வேண்டாம். அடுத்த வாரம் பார்க்கலாம்.”

“அடுத்த வாரம் எனக்குக் கிடையாது. உங்களுக்குத் தெரியும்.”

“நான் ஏர்போர்ட்டுக்கு போன் பண்ணாம பலூன் போக முடியாது. அதுவும் உனக்குத் தெரியும்.”

விமான நிலையக் கட்டுப்பாட்டு அறையின் அனுமதி வாங்காமல் எந்தப் பலூனும் போகக் கூடாது. அந்த எண்ணில் பேசும் அதிகாரம் அவனுக்கு மட்டும்தான். மெஹ்னாஸ் பலூனின் கழுத்தை இடது கையில் பிடித்தபடி வலது கையால் தன் போனை எடுத்தாள்.

“சாருக்குப் போடறேன். மேகம் வந்திருக்கு, ஷ்யாம் சார் வேண்டாம்கறார்னு சொல்றேன். அவர் மாடில ஏறி வானத்தைப் பார்ப்பார். என்ன சொல்வார்னு ரெண்டு பேருக்கும் தெரியும்.”

ஷ்யாம்சுந்தர் அவளைப் பார்த்த பார்வையில் அண்ணனும் இல்லை, சாரும் இல்லை. கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்தான். ஆங்கிலத்தில், மிகப் பணிவாக, அனுமதி கேட்டான்.

பலூன் விடுவது ஒருவரால் ஆகிற காரியமல்ல. ஒருவர் பலூனைப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் சோண்டைப் பிடித்துக்கொண்டு காற்றுப் போகும் திசையில் நகர வேண்டும். நூல் இழுபடும் நொடியில் இருவரும் ஒரே சமயத்தில் கைவிட வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் கருவி கைப்பிடிச் சுவரில் மோதிச் சிதறும். அவள் பலூனோடு நின்றாள். சோண்ட் அவன் கையில் இருந்தது. அவன் கையை எப்போது திறப்பான் என்பதை அவள் அவன் விரல்களைப் பார்த்தே கணிக்க வேண்டியிருந்தது. ஒரு கணம் அவன் விரல் இறுகியது போலிருந்தது.

“விடுங்க,” என்றாள்.

விட்டான். பலூன் சட்டென்று ஏறி, வெள்ளைப் பூண்டாகி, பூண்டுப் பல்லாகி, நீலத்தில் கரைந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. படிகளில் ஓடினாள்.

ரிசீவர் அறையில் எண்கள் ஒவ்வொன்றாக ஏறின. பக்கத்தில் விடியல் எண்களைத் திறந்து வைத்துக்கொண்டாள். கீழே, தரையை ஒட்டி, மதியம் நல்ல சூடு. அது எந்தக் குழந்தைக்கும் தெரியும். ஏற ஏற வித்தியாசம் சுருங்கிற்று. மேகங்கள் வாழும் உயரத்தைத் தாண்டியதும் இரண்டு வரிசைகளும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போக ஆரம்பித்தன. குளிர் தேசத்துக்குள் நுழைந்தபோது ஒட்டிப் பிறந்தவை போலாயின. வித்தியாசம் தசமப் புள்ளிக்கு அந்தப் பக்கம்தான்.

அந்த எண்களின் மேல் சாரின் அட்டவணையைப் போட்டுக் கழித்தாள். திரையில் நடுப்பகல் விடியற்காலையைவிடக் குளிர்ந்து போயிற்று.

சூரியன் ஒரு தடவை கருவிக்குள்ளேயே கழிந்துவிட்டது. அதன்மேல் இவர்கள் ஒவ்வொரு மதியமும், பயபக்தியோடு, இல்லாத இன்னொரு சூரியனைக் கழித்திருக்கிறார்கள். அது போனபோது தன்னோடு மேல் வானம் ஏறிய சூட்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அடங்காத வானம் என்று ஒன்று இல்லை. தாம்பரத்துக்கும் கேளம்பாக்கத்துக்கும் மேலே இருப்பதும் மற்ற வெயில் நாடுகளின் வானம்தான். அதே சட்டப்படி, மேலே கூடுதலாகச் சூடேறி, மூடி போட்டதுபோல் உறுதிப்பட்டுக்கொண்டிருக்கிறது. உறுதியான வானம் சாதுவான வானம் என்று அர்த்தமில்லை. மூடிக்குக் கீழே ஈரமும் கூடிக்கொண்டு போகிறது; அது பிய்த்துக்கொள்ளும் நாளில் எப்படிக் கொட்டும் என்பதைத்தான் அவள் இத்தனை வருடமும் ஆராய்ந்திருக்க வேண்டும்.

மகிழ்ச்சி வரும் என்று எதிர்பார்த்திருந்தாள். வயிற்றில் பசி மட்டும் தெரிந்தது.

“கழிவு எங்க நடக்குதுன்னு சாருக்குக் காட்டணும்,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ரிசீவரின் அமைப்புகளைத் திறந்தாள். பக்கம் பக்கமாகச் சிறிய எழுத்துகள். இவ்வளவு நாளில் யாரும் உள்ளே போனதாகத் தெரியவில்லை. முதல் பக்கத்தில் தேடினாள். இரண்டாவதைத் திறந்தாள்.

“மூணாவது பக்கம்,” என்றான் ஷ்யாம்சுந்தர், பின்னாலிருந்து. “கீழ போ. இன்னும் கீழ.”

போனாள். ஒரு சின்னச் சதுரம், உள்ளே ஒரு டிக் குறி. சூரிய வெப்பத் திருத்தம். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே போட்டு அனுப்பியது.

அவள் நாற்காலியைத் திருப்பினாள்.

“எப்ப பார்த்தீங்க?”

“வேலை ஆர்டர் வந்ததுக்கு அப்புறம்.”

“பொருத்தினப்பவே பார்த்துட்டேன்னு சார்கிட்ட சொல்லியிருக்கீங்க.”

“அவர் எப்படிக் கேட்டார் தெரியுமா? உள்ளே ஒண்ணும் இல்லையேன்னார். அந்தக் கேள்வியில இல்லைங்கற பதில் மட்டும்தான் இருந்தது. உனக்குத் தெரியாதா அவரை?” கதவுச் சட்டத்தில் சாய்ந்திருந்தான். “பார்க்கலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள கட்டுரை போயிடுச்சு. அப்புறம் ஒரு நாள் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.”

“மூணு வருஷம்,” என்றாள் மெஹ்னாஸ். குரல் உயரவில்லை. “அந்த அத்தியாயத்தை எழுதறேன், அழிக்கறேன், எழுதறேன், அழிக்கறேன். எதிர் ரூம்ல நீங்க. என் மூளையில ஏதோ கோளாறுன்னு நானே நம்ப ஆரம்பிச்சேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு டிக். அதை எடுத்திருந்தாக்கூடப் போதும்.”

“எடுத்திருந்தா அந்த மாசத்துலேர்ந்து மேல திடீர்னு சூடாகியிருக்கும். அவர் கேட்பார்.”

“நல்லா யோசிச்சிருக்கீங்க.”

“யோசிச்சேன். உன்மாதிரி எனக்கு நேர்மை இலவசமா வரலை. வீட்டு லோன் இருக்கு, வேற எங்கேயும் வேலை இல்லை.” அவன் உள்ளே வந்து, குரலைத் தாழ்த்தினான். “கேளு. கத்தறதுன்னா அப்புறம் கத்து. இதை நீ சொன்னா அவர் முதல்ல உன்னை முடிப்பார். வாபஸ் வாங்கறேன்னு சொன்னாரா? வாங்குவார். ஒரு வருஷம் ஆக்குவார். இன்னொரு பலூன் விடுன்னுவார், இன்னொண்ணுன்னுவார். உன் தேதி போயிடும். நான் சொன்னா அப்படி இல்லை.”

“நீங்க என்ன சொல்வீங்க?”

“ரிசீவரை மறுபடி பிரிச்சுப் பார்த்தேன், நானே கண்டுபிடிச்சேன்னு. கம்பெனி அப்டேட்ல மாறியிருக்குன்னு. அவருக்கு அவமானம் இல்லை, எனக்கு வேலை நிக்கும், உனக்குக் கையெழுத்து. நாளைக்கே. உன் தீசிஸ்ல உண்மையைத்தான் எழுதப் போறே. யார் முதல்ல பார்த்தாங்கறது மட்டும் மாறும்.”

“கம்பெனி மேல பொய்.”

“கம்பெனிக்கு வலிக்காது.”

“அப்ப நான் இன்னிக்கு இங்க இல்லவே இல்லை.”

“பலூன் பிடிச்சே. சார் போடப் போற திருத்தத்துல, நன்றி சொல்ற இடத்துல என் பேரோட சேர்த்து உன் பேரும் வரும்.” அதைச் சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கிறது என்று அவனுக்கே உறைத்திருக்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

திரையில் எண்கள் திடீரென நின்றன. எங்கோ மிக உயரத்தில், யாரும் பார்க்காத இடத்தில், பலூன் வெடித்திருந்தது.

மேஜைமேல் அவள் போன் அதிர்ந்தது. ஸ்ரீநிவாசராகவன் சார். பலூன் எத்தனை நேரத்தில் வெடிக்கும் என்று அவருக்கு மனப்பாடம். அந்த நிமிடத்துக்காகச் சிட்லபாக்கத்தில் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பார். மெஹ்னாஸ் போனைக் கையில் எடுத்துக்கொண்டாள். அது அவள் உள்ளங்கைக்குள் ஒரு பூச்சியைப்போல் துடித்தது. எடுத்தால் அவர் முதலில் என்ன கேட்பார் என்று அவளுக்குத் தெரியும். அதற்கு என்ன பதில் சொன்னாலும், அடுத்த வாரம் தன் ஏடு கையெழுத்தோடு பல்கலைக்கழகம் போகுமா, அவர் மேஜையிலேயே கிடக்குமா என்பதுதான் தெரியவில்லை.

மணி நின்றது. உடனே மறுபடி அடித்தது.

ஷ்யாம்சுந்தர் அருகில் வந்து கையை நீட்டினான்.

“நான் பேசறேன்,” என்றான். “போனை என்கிட்ட குடு, மெஹ்னாஸ்.”